எண்பதுக்கு மேல்

நீ இதைப் படிக்கிற காலத்தில் என்னைப் பற்றி உனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். சொன்ன கதையையே மறுபடி சொல்லியிருப்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே கிளம்பியிருப்பேன். நீ வேறு ஊரில், அநேகமாக வேறு நாட்டில் இருப்பாய். உன் அம்மா போனில் ஏதோ இழுத்து இழுத்துச் சொல்லியிருப்பாள். உனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். உடனே இணையத்தில் தேடியிருப்பாய். கால் மணி நேரத்தில் ஞாபகசக்திக்கு மார்க் போட்டுத் தரும் தளங்கள் வரிசையாக வந்து நின்றிருக்கும். அதில் ஒன்றை எனக்கு அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

இப்போது உனக்கு ஆறு வயது. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. "இந்த வயசுல மகனுக்குக் கடிதமா, உயில் எதாவது எழுதுறியா?" என்று உன் அம்மா கிண்டல் செய்கிறாள். புத்தி நன்றாக வேலை செய்யும்போதே எழுதவேண்டிய கடிதம் இது. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் போடுவதற்கும் காரணம் உண்டு. என் அப்பாவின் மார்க்கை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னவன் நான். அந்த மார்க் என்ன லட்சணம் என்பதையும் நாலு பேரிடம்தான் சொல்லவேண்டும்.

உன் தாத்தாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். விஜயபுரம் பக்கம் எங்கள் ஊர். எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் ஆபீசிலும் தெலுங்கு. நைனா ஐந்தாவது வரை படித்ததும் தெலுங்கில்தான். தமிழில் தன் பெயரைக்கூட எழுத வராது. அவருடைய அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது. நைனா அடுத்தவர் கொல்லி நிலத்தில் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கி, பிறகு குத்தகைக்கு ஓட்டி, கடைசியில் ஒரு துண்டு நிலத்தைத் தன் பெயருக்கு வாங்கினார். எங்கள் வீட்டைத் தூக்கி நிறுத்தியவை இரண்டே: அந்த நிலமும் நான் எழுதிய பரீட்சைகளும். ரேணிகுண்டா பக்கம் கம்பெனிகள் வந்து, பெங்களூருக்கு பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் கிளம்பிப்போன காலம் அது. பரீட்சையில் மார்க் வந்தால் போகலாம், வராவிட்டால் கடலை பிடுங்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் என்னைப் படிக்கவைத்தது அவள்தான். விடிவதற்குள் எழுப்பி, மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே ஒப்பிக்கச் சொல்வாள். நான் சொல்வது சரியா தப்பா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தடங்கினால் தப்பு. தடங்காமல் ஓடினால் சரி. "எங்கியோ நின்னுச்சே, மறுக்கா சொல்லு" என்பாள். அவள் சொன்னால் அந்த இடத்தில் தப்பு இருக்கும். திருப்பதியில் கோச்சிங், பிறகு இன்ஜினியரிங் சீட், பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை என்று நான் போய்க்கொண்டே இருந்தேன். பரீட்சை என்றால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்: எப்படியாவது பாஸ் பண்ணவேண்டியது. நமக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவன் பரீட்சை எழுதுவான் என்பதே அங்கே யாருக்கும் புரியாது. எனக்கும் புரிந்ததில்லை. அந்த வீட்டுக்குத்தான் நான் ஒரு சோதனையை அனுப்பினேன்.

ஆரம்பம் ஒரு பஸ். விதை வாங்கப் புத்தூருக்குப் போன நைனா, அன்றைக்குச் சாயங்காலம் ஏர்பேட்டில் இருந்தார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. யாரோ ஒரு டீக்கடைக்காரர் அவர் சட்டைப்பையில் இருந்த என் நம்பருக்குக் கூப்பிட்டு, "உங்க அப்பா இங்க உக்காந்துகினு கீறாரு, எந்த ஊருன்னு கேட்டா சிரிக்கிறாரு" என்றார். போனை வாங்கி நைனா, "தூங்கிட்டேன்டா பஸ்ல, வேற ஒண்ணுமில்ல" என்றார். அதற்கு முந்தின மாதம் கிணற்றில் தண்ணீர் வற்றினது தெரியாமல் மோட்டாரை ஓடவிட்டதில் அதன் கம்பிச்சுருள் கருகியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். எனக்கு ஆபீசில் ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் நெருக்கடி. ஊருக்குப் போக நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பொறுமைதான் இல்லை. எதையும் அளந்து, எண் வாங்கி, அடுத்த வேலைக்குப் போகிறவன் நான்.

தளத்தைத் தேடினேன். தெலுங்கு எழுத்தும் தெலுங்குக் குரலும் உள்ள ஒன்று கிடைத்தது. நைனாவுக்குத் தெலுங்கில்தான் படிக்க வரும் என்பதைக்கூட யோசித்துச் செய்தேன் என்று எனக்குப் பெருமை வேறு. ஐந்து சொற்களைக் காட்டிப் படித்துச் சொல்லும். நடுவில் தேதி, கணக்கு, படம் என்று வேறு கேள்விகள் கேட்கும். கடைசியில் அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்கும். நூற்றுக்கு இத்தனை என்று மார்க் என் மெயிலுக்கு வந்துவிடும். "இது மருத்துவப் பரிசோதனை அல்ல, சந்தேகம் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்" என்று அடியில் எழுதியிருந்தது. அந்தத் தளத்தின் மேல் நான் பழி போடமாட்டேன். அவர்கள் சொல்லியிருந்தார்கள். அடியில் இருக்கும் பொடி எழுத்தை நான் எப்போதும் படிக்காமல் தள்ளுவது போல இதையும் தள்ளினேன்.

பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி இரண்டு பேரிடமும் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நைனா இத எடுக்கணும். எண்பதுக்கு மேல வந்தா நீங்க பாட்டுக்கு ஊர்லயே இருங்க. எண்பதுக்குக் கீழ வந்துச்சுன்னா நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் பெங்களூரு வந்துடணும். அப்புறம் பேச்சே இல்ல."

அம்மா, "இன்னாடா, பெரிய கலெக்டர் மாதிரி ஆர்டர் போடற" என்றாள். நைனா சிரித்தார். "பாஸ் பண்ணிட்டா போச்சி. எண்பதுதான?" என்றார்.

முதல் வாரம் அறுபத்து சொச்சம் வந்தது. "மொத தபா, போன்ல அமுக்கத் தெரியல" என்றார் நைனா. பழகுகிற வரைக்கும் முதல் சில வாரங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். அடுத்தடுத்த வாரம் எழுபது, எழுபத்தாறு, எண்பத்திரண்டு. பிறகு எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவேயில்லை. ஒரு நாள் சரியான தூக்கமில்லாமல் நானே அதை எடுத்துப் பார்த்தேன். எழுபத்தொன்பது. ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது இதைத்தான் ஜோக்காகச் சொன்னேன்: "எங்க நைனா எண்பத்தெட்டு, நான் எழுபத்தொன்பது. அடுத்த ரிலீஸ அவரே டெஸ்ட் பண்ணட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் கீழே போகிற, வாரா வாரம் எடுத்தால் மேலே ஏறுகிற மார்க், மூளையை அளக்கிறதா வேறெதையாவது அளக்கிறதா என்று நான் கேட்டிருக்கவேண்டும். அதைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கேள்வி முன்கூட்டியே தெரிந்த சோதனை எப்போதும் பாஸ் ஆகும், அது எதையும் நிரூபிக்காது என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் கத்துகிறவன் நான். என் வீட்டு விஷயத்தில் மெயிலைத் திறந்து எண்ணை மட்டும் பார்த்து மூடினேன். உள்ளே கேள்விகளைத் திறந்து பார்த்திருந்தால், வாரா வாரம் அதே ஐந்து சொற்கள் வந்துகொண்டிருப்பது தெரிந்திருக்கும். அந்தச் சோதனையில் இன்னொரு பகுதி இருந்தது. "உங்களுக்கு மறதி அதிகமாகியிருக்கிறதா? வழி தவறுகிறதா?" என்று அவரையே கேட்கும். மறந்துபோகிறவரைக் கூப்பிட்டு நீ மறந்துபோகிறாயா என்று கேட்டால் என்ன பதில் வரும்? இல்லை, இல்லை, இல்லை என்று அமுக்கியிருந்தார். அதற்கும் மார்க்.

அம்மா ஒரே ஒரு தடவை சொல்லப் பார்த்தாள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. ஒரு நாள் வேலை நேரத்தில் கூப்பிட்டாள்.

"டேய், வேலயா கீறியா?"

"சொல்லுமா, சீக்கிரம்."

"ஒண்ணுமில்ல. உங்க நைனா நேத்து பக்கத்து வூட்டுக்குள்ள போயி செருப்ப கழட்டி வுட்டுட்டு, சோறு போடுன்னு உக்காந்துகினாரு. அவங்க சிரிச்சிட்டாங்க. எனுக்கு இன்னாமோ மாதிரி ஆயிப்போச்சி."

"வெளயாட்டுக்குப் பண்ணியிருப்பாரும்மா."

"வெளயாட்டு மாதிரி இல்லடா அது."

"அம்மா, இந்த ஞாயித்துக்கிழமை எவ்வளோ தெரியுமா? தொண்ணூத்தொண்ணு. எனக்கே அவ்வளோ வரல. நீ சும்மா பயந்துக்காத."

"தொண்ணூத்தொண்ணா, சரி" என்று வைத்துவிட்டாள். முப்பது நாற்பது வருஷம் அந்த ஆளோடு ஒரே கூரையில் இருந்தவள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள். நான் ஒரு எண்ணைக் காட்டி அவள் வாயை அடைத்தேன். அந்த எண்ணை உண்டாக்கினதே அவள்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உண்மை வெளியே வந்ததும் என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. கண்ணில் புரை விழுந்திருக்கும்போல என்று நைனாவைத் திருப்பதிக்கு அழைத்துப்போனேன், அம்மாவும் கூட வந்தாள். கண் டாக்டர் போர்டில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். நைனா இரண்டெழுத்து படித்துவிட்டு, தான் எதற்காக அங்கே நிற்கிறோம் என்பதுபோல அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் மறுபடி சொன்னார். மறுபடி இரண்டெழுத்து. டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணைவிட வேறொன்றை முதலில் பார்ப்போம் என்று மாடியில் இருந்த நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்.

நரம்பு டாக்டர் நல்ல பெண்மணி. தெலுங்கில் மெதுவாகப் பேசினார். ஊர், பயிர், மாடு என்று எதையெதையோ விசாரித்துவிட்டு, "நான் மூன்று சொல் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன்" என்றார். ரூபாய், பஸ், ரோஜாப்பூ. நைனா திருப்பிச் சொன்னார். டாக்டர் வேறு பேச்சுக்குப் போய், சற்று கழித்து, "நான் சொன்ன சொற்கள் என்ன?" என்று கேட்டார்.

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். அவருக்கு இது தெரியும். தடங்கலே இல்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தெலுங்கில் ஒப்பித்தார்: "ஏனுகு, தாளம், மாமிடி, குர்ச்சி, திண்டு."

யானை, பூட்டு, மாங்காய், நாற்காலி, தலையணை. டாக்டர் தன் காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நைனா என்னைப் பார்த்தார், பாஸா என்று கேட்கிற மாதிரி. அந்த ஐந்தும் எங்கிருந்து வந்தவை என்று எனக்கு உடனே பிடிபட்டது, நானும் ஒரு தடவை எடுத்தவன்தானே. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்கேனுக்கு நைனாவை உள்ளே கூட்டிப்போனபோது நானும் அம்மாவும் கேண்டீனில் உட்கார்ந்தோம். நான்தான் குரலை உயர்த்தினேன், வெட்கமில்லாமல். "ஏம்மா இப்படிப் பண்ண? எனக்கு ஏமாத்தி மார்க் அனுப்பி என்னம்மா ஆச்சு?"

அவள் டீயைத் தொடவில்லை. "நீதான மார்க் வோணும்ன. குடுத்தோம்."

"நான் உண்மையான மார்க் கேட்டேன்."

"எண்பதுக்குக் கீழ வந்தா இட்டுனு பூடுவேன்ன. அத கேட்ட அன்னிக்கி உங்க நைனா சோறு துன்னல. 'எனுக்கு இன்னாமோ ஆவுதுடி, எனுக்கே தெரியுது, பையன்கிட்ட சொல்லாத, நெலத்த வுட்டுட்டு அந்த மாடி வூட்டுல என்னால கெடக்க முடியாது'ன்னாரு. நான் இன்னா பண்ணட்டும்? உன்ன படிக்க வெச்ச மாதிரி அவரையும் படிக்க வெச்சேன்."

அதே மாதிரிதான். விடியற்காலையில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். போன் சொல்லும் ஐந்து சொற்களையும் அவள் காதால் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டாள். "ஏனுகு அப்பால இன்னாய்யா?" "தாளம்." "அப்பால?" தடங்கினால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. தேதி கேட்கும் என்று போனுக்கு எதிரே காலண்டரை மாட்டிவைத்திருக்கிறாள். நைனா சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "உம் பேரு மறந்தாலும் இந்த ஏனுகு மறக்காது போல கீதுடி." அதைச் சொல்லும்போது அம்மாவும் சிரித்துவிட்டாள். பிறகுதான் அழுதாள்.

என்மேல் இருந்த பயத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வியாதியை மறைத்திருக்கிறார்கள். ஏமாற்றினவர்கள் அவர்கள் இல்லை. அளக்க வந்த கருவியைப் பரீட்சையாக்கி, தோற்றால் தண்டனை என்று சொல்லிக் கையில் கொடுத்தவன் நான். அந்தச் சொற்களை அவர் மறக்கவில்லை என்பது சோதனைக்குத் தெரியும். பெண்டாட்டியின் பெயரை மறக்கத் தொடங்கியிருந்தார் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, முன்னாலேயே வந்திருந்தால் குணமாகியிருக்குமா என்பது. அவர் பொய் ஆறுதல் சொல்லவில்லை. சில மறதிகளுக்கு ரத்தத்திலோ வேறெங்கோ சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும், அதற்காகத்தான் சீக்கிரம் வரச் சொல்கிறோம். இவருக்கு இருப்பது அந்த வகை இல்லை, ஞாபகம் மெதுவாகப் போய்க்கொண்டேதான் இருக்கும் என்றார். எனக்கு ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது, பார். அப்படியானால் என் தப்பால் எதுவும் கெடவில்லையே என்று. அவர் தொடர்ந்தார்: "முன்னாலேயே வந்திருந்தால் அவரையே கேட்டிருக்கலாம். எங்கே இருக்க விருப்பம், யார் பார்த்துக்கொள்ளவேண்டும், நிலத்தை என்ன செய்யவேண்டும். அப்போது அவரால் யோசித்துச் சொல்லியிருக்க முடியும். இப்போது நீங்கள்தான் முடிவெடுக்கவேண்டும்."

அதுதான் போனது. வியாதியைத் தடுத்திருக்க முடியாது. அவர் வாழ்க்கையைப் பற்றி அவரே பேசியிருக்க முடியும். நிலத்தில் இருக்கவேண்டும் என்றால், அதற்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசியிருக்கலாம். பக்கத்தில் ஒரு ஆளை வைத்திருக்கலாம். நான் ஊர்ப்பக்கம் வந்திருக்கலாம். வீட்டிலிருந்தே வேலை செய்ய எனக்கு அனுமதி இருந்தது. பேசுவதற்கு அவருக்குப் புத்தி இருந்த காலத்தை, நாங்கள் மூன்று பேரும் யானைக்கும் பூட்டுக்கும் செலவழித்துவிட்டோம். அன்று சாயங்காலம் காரில் வைத்து அவரிடம் கேட்டேன்: "நைனா, எங்க இருக்கணும்னு உனக்கு ஆசை?" அவர் யோசித்தார். சரியான பதில் எது என்று தேடுகிற மாதிரி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். அம்மா ஒருத்தியால் கிணற்றையும் அவரையும் பார்க்க முடியவில்லை. இங்கே பெங்களூரில், அவர் பயந்த அதே மாடி வீட்டில்தான் அவரும் அம்மாவும் இருக்கிறார்கள். நீ அவரோடு கேரம் ஆடுகிறாய். காய்களை அவர் நிறம் பிரித்து அடுக்குவதை ரசிக்கிறாய். உனக்கு அவர்மேல் ஒரு சந்தேகமும் கிடையாது. உன்னைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

உனக்குச் சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்மேல் சந்தேகம் வந்தால் இணைப்பு அனுப்பாதே, வா. நாலு நாள் கூட இரு. உன் அம்மா சொல்வதை முழுக்கக் கேள், நடுவில் வெட்டாதே. மார்க் நன்றாக வந்தால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது; மோசமாக வந்தால் எல்லாம் முடிந்தது என்றும் ஆகிவிடாது. இரண்டுக்கும் டாக்டர்தான். போகும் வழியில் எனக்கு நிபந்தனை போடாதே. தோற்றால் இன்னது நடக்கும் என்று சொல்லிவிட்டால் நான் பொய்தான் சொல்வேன், நீயும் சொல்வாய், யாரும் சொல்வார்கள். என்னால் யோசிக்க முடிகிறபோதே எங்கே இருக்க விருப்பம் என்று என்னைக் கேள். பதில் உனக்குப் பிடிக்காவிட்டாலும் கேள்.

இன்னொன்றும் இருக்கிறது. எவ்வளவோ போய்விட்டது நைனாவுக்கு. சில நாள் என் பெயர் வருவதில்லை. ஆனால் நான் அறைக்குள் வந்தால் கால்களை மடக்கிச் சுவரோடு நிமிர்ந்து உட்காருகிறார். நான் யார் என்று தெரியாத நாளிலும், கேள்வி கேட்கிறவன் வந்துவிட்டான் என்று தெரிந்துவிடுகிறது. "சாப்ட்டியா நைனா?" என்று சாதாரணமாகக் கேட்டால்கூட அவர் கண் அம்மாவைத் தேடி ஓடுகிறது, விடைக்காக. ஆகவே நான் இப்போது அவரிடம் எதையும் கேட்பதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் இன்றைக்கு என்ன சாப்பிட்டேன், வழியில் எங்கே மழை பெய்தது, எந்த பஸ்ஸில் என்ன கூட்டம் என்று நானாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெகுநேரம் கழித்து, கேள்வி வராது என்று நம்பிக்கை வந்த பிறகு, அவர் கால்களை நீட்டிக்கொள்கிறார்.